நாற்பத்து நான்கு

புதன்கிழமை தவறாமல் வருவார் வீப்ரன் ஹோக்லாந்து,
ரோட்டர்டாமில் டிராம் ஓட்டி ஓய்ந்தவர்.
மடக்கு நாற்காலிக்கு இங்கே அனுமதி இல்லை.
அவர் அதை விரிக்கும்போது நான்
ஈரக் குடைகளை எண்ணப் போய்விடுவேன்.

மூன்றாம் அறையில் ஒரே படம்தான் அவருக்கு:
உறைந்த கால்வாய், சறுக்கி விளையாடும் ஊர்.
வரைந்தவர் பெயர் தெரியாது.
மற்றவர்கள் அதன்முன் நிற்பது பதினோரு விநாடி.

"நாற்பத்து மூன்று பேர்" என்றார் போன குளிர்காலத்தில்.
இன்று குனிந்தவர் நிமிரவே இல்லை.
பிறகு, மீதிச் சில்லறை தருகிற குரலில்,
"நாற்பத்து நான்கு."

எங்கே என்றேன்.
தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பூட்டும் நேரத்தில் நானும் எண்ணினேன்.
நாற்பத்து மூன்று.
மறுபடியும் நாற்பத்து மூன்று.
மூட்டை தள்ளுகிறவன், விழுந்து சிரிக்கிறவள்,
நாயையும் சேர்த்துவிட்டேனோ?

பாலத்தடியில் ஓரிடம் மட்டும் கறுத்திருந்தது.
ஒன்பது வருடமாக அதை நிழல் என்றே நினைத்திருந்தேன்.

நிழலுக்கு விரல்கள் இருந்தன.
கடுகளவில் நான்கு,
பனிக்கட்டியின் விளிம்பைப் பிடித்தபடி.

எல்லோரும் சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.
ஒரு முகம்கூட அந்தப் பக்கம் இல்லை.

கீழிருந்து ஹில்கா இரண்டு முறை கூப்பிட்டாள்.
விளக்கை அணைக்கக்
கை வரவில்லை.