லக்கேஜ்: தண்ணீர், ஐம்பது லிட்டர்

சிஸ்டர் பிலோமினா கேட்டது மெரூன்.
நாற்பது ஸ்வெட்டருக்கு நூல், நவம்பர் ஒன்றாம் தேதி,
எல்லாம் ஒரே நிறம்.
'ஒரே'வுக்குக் கீழே
பேனாவால் இரண்டு கோடு.

செம்மடுவில் தகரக் கொட்டகை.
மூன்று அண்டா, ஒரு வெப்பமானி.
படிகாரத்தில் ஊறிய கம்பளி
நனைந்த கோழி மாதிரிக் கிடக்கிறது.
மஞ்சிட்டி இந்த மலையிலும் உண்டு.
வேரைத் தோண்டினால் கொடி போய்விடும் என்று
செவ்வாய்ப்பேட்டையில் கிலோக் கணக்கில் வாங்கி
பஸ்ஸில் ஏற்றி வருகிறேன்.
எந்த மலையில் தோண்டியதோ,
கடைக்காரர் சொல்லவில்லை.
நானும் அழுத்திக் கேட்கவில்லை.

கொதிக்கக் கூடாது.
சூடு ஏறினால் வேர் தன் பழுப்பை அவிழ்த்துவிடும்.
கம்பளி அதைவிட ரோஷக்காரி,
சட்டென்று குளிர்ந்த நீர் பட்டால்
சுருண்டு கட்டியாகி
கரித்துணிக்குத்தான் ஆவாள்.
அண்டாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு
பிள்ளைக்கு ஜுரம் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

வந்தது செங்கல்.
அடுத்த முறை, மழையில் நனைந்த செங்கல்.
படிகாரத்தைக் கூட்டினேன், குறைத்தேன்,
கடுக்காய் தட்டிப் போட்டேன்.
சீரகாயி நூலை முகர்ந்து
"கொழம்பு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

ஆடிப் பண்டிகைக்கு அம்மாபேட்டை போனபோது
பையில் ஒரு சிட்டம் நூல், ஒரு பொட்டலம் வேர்.
அண்ணி அமிர்தவல்லி வீட்டுப் போர் தண்ணீர்
ஹீட்டர் கம்பிக்கு வெள்ளையடிக்கும்,
பருப்பை வேகவிடாது,
தலைமுடியோடு அதற்குத் தனிப் பகை.
கூழுக்கு அடுத்த அடுப்பில் வைத்தேன்.
ஒரு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்த அண்ணி
"யாரு கையை அறுத்துக்கிட்டது?" என்றாள்.

ஒன்பது வருஷம் சாயப்பட்டறை லேபில் இருந்தவள் நான்.
தண்ணீரின் கடினத்தை எடுத்த பிறகுதான்
உள்ளே விடுவோம்.
வெளியே விட்டதை ஆறு வாங்கிக்கொண்டது.
நான் எழுதிய அளவுகள்
எப்போதும் அனுமதிக்குள் இருந்தன.

இருபத்தைந்து லிட்டர் கேன், இரண்டு.
"ஏம்மா, மேல தண்ணி இல்லையா?"
"இருக்கு. ரொம்ப நல்ல தண்ணி."
கண்டக்டர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு
லக்கேஜ் கிழித்தார்.
பதினோராவது கொண்டை ஊசியில் மூடி கசிந்து
முன்சீட்டுக்காரர் வேட்டி நனைந்தது.
"தீர்த்தமா?"
"போர் தண்ணீங்க."
காலைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

சிவப்பு வந்தது.
துரு ஊறிய நீர் அரைக் கரண்டி,
மெரூனும் வந்தது.
மிச்ச நீரை ஆறவைத்து
சில்வர் ஓக் அடியில் ஊற்றினேன்.
அந்த மரத்தின் கிளைதான் அடுப்பில் எரிந்தது,
அதைக் குளிர்ச்சியாக வைத்திருப்போம் என்று.
அட்டையில் 'இயற்கைச் சாயம்' என எழுதும்போது
பஸ் குடித்த டீசலை
எந்த வரியில் எழுதுவது?

ஐந்தாம் பயணம் முடிந்து
தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
சீரகாயி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி கேட்டாள்,
"அந்தத் தண்ணில இருக்கறது
இதுதான?"

நான் லேபில் இருந்தவள் என்பதை
அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது.

ஊற்றுத் தண்ணீர் ஓர் அண்டா.
அவள் விரல் நுனியிலிருந்து மிளகளவு.
மீதிச் சிட்டங்களை இறக்கினோம்.
சிவந்தது.
முந்தையதைவிட ஒரு சாயல் கூடவா, குறைவா?
மாறி மாறி வெளிச்சத்தில் பிடித்தோம்.
அதற்குள் பனிமூட்டம் கொட்டகைக்குள் வந்துவிட்டது.

கேன்கள் காலி.
அடியில் வெள்ளை வளையம்.
ஸ்பூனால் சுரண்டிப் பொட்டலம் கட்டிவிட்டு
அண்ணிக்கு போன் செய்தேன்:
ஹீட்டர் கம்பியில் படிவதைத்
தூக்கிப் போட வேண்டாம், எனக்கு வேண்டும்.

அந்தப் பக்கம் கொஞ்சநேரம் சத்தமில்லை.
குக்கர் ஒரு விசில் விட்டது.
"ஆடிக்கு வந்ததிலிருந்தே நீ சரியில்ல," என்றாள்.