பத்து விநாடி அழுத்தவும்

சனிக்கிழமை மலிவு விற்பனையில் வாங்கினது.
பெட்டி ஒரு சவர்க்காரக் கட்டியளவு.
ரிமோட் அதைவிட மெல்லிசு.
பற்றரி இரண்டும் உள்ளேயே இருந்ததில்
எனக்கு அரைக் கிலோ சந்தோசம்.

பீல் நகரில் தெருப்பெயர்கூட
இரண்டு மொழியில்தான் நிற்கும்.
திரையிலோ முப்பது மொழி,
நாலு வரிசையாய்.
முதல் வரிசையில் டொய்ச் நிமிர்ந்து நிற்க
கடைசி வரிசையில் கடைசிப் பெயராய்
தமிழ்.

வீட்டுப்படம் போட்ட பொத்தானைப்
பத்து விநாடி அழுத்தவும் என்றது தாள்.
அழுத்தினேன். எண்ணினேன்.
பச்சை வெளிச்சம் ஒருக்கால் கண்சிமிட்டி
இணைந்துவிட்டேன் என்றது.
எதோடு என்று சொல்லவில்லை.

வலது, வலது, வலது.
கீழே, கீழே, தேய்கிற மட்டும் கீழே.
சரி.
திரை அசையவேயில்லை.

சாம்பவி லொசானிலிருந்து போனில் சொன்னாள்:
“கழற்றித் திருப்பிச் செருகுங்கோ அம்மா.”
அவளுக்கு எல்லாம் கழற்றிச் செருகுகிற காரியம்.
ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டுத்
தேத்தண்ணிக்கு எழும்பினேன்.

அப்போதுதான் திரை தானாக நகர்ந்தது.

நீலக் கட்டம் ஒரு மொழியிலிருந்து
இன்னொரு மொழிக்குத் தாவிற்று.
மேலே. மேலே. இடது.
நின்றது.
பிறகு கோபம் வந்ததுபோல்
ஏழெட்டுத் தரம் கீழே ஓடி
பின்லாந்து மொழியில் போய்க் குந்தியது.
சரி என்றும் அதுவே சொல்லிக்கொண்டது.

பேய் என்று நினைக்கிற வயசில்லை.
ஆனாலும் குசினி லைட்டையும் போட்டேன்.

மணி அடித்தது.
கதவில் அடுத்த வீட்டு ஃப்ராவ் ஏபிஷர்.
ஒரு கையில் என்னுடையதைப் போலவே ரிமோட்,
அதே கடை, அதே மலிவு.
இரண்டு வருசமாய் எங்களுக்குள் இருந்த பேச்சு
உடுப்புத் தோய்க்கும் அறைச் சுவரில்
அவ ஒட்டின ஒரேயொரு துண்டுக் கடிதம்:
பஞ்சு வடியைத் துப்புரவாக்கவும்.
அடியில் இரண்டு கோடு.

போனை நீட்டினா.
அவவின் தொலைக்காட்சியைப் பிடித்த படம்.
திரை முழுக்க
வரவேற்கிறோம்.

“இந்த எழுத்தை எனக்குத் தெரியும்,” என்றா,
“உங்கட அரிசிப் பையில் இருக்கிறது.”

ஓம். புதன்கிழமைகளில் நான்
ஊத்தை உடுப்பைக் கட்டிக்கொண்டு
நிலவறைக்கு இறங்குகிற பை.
அவ பஞ்சை மட்டும் பார்க்கவில்லை.

பிழை விளங்கிற்று.
ஒரே நேரத்தில் இருவரும் எண்ணியிருக்கிறோம் பத்து.
என் விரல் அவவின் வீட்டில்,
அவவின் எரிச்சல் என் வீட்டில்.

அவவின் கதிரையில் முதல்தரம் இருந்தேன்.
கதிரைக்குப் பூனை மயிர் மணம்; பூனையைக் காணோம்.
திரையில் வந்ததை ஒவ்வொன்றாய் வாசித்து
டொய்ச்சில் சொன்னேன்.
ஆம், நான் சொன்னேன்!
காப்புறுதிக் கடிதம் வந்தால்
படம் எடுத்து மகளுக்கு அனுப்புகிற நான்,
“இது உங்கள் வைஃபை கேட்கிறது,
இது நிபந்தனைகளுக்குச் சம்மதமா என்கிறது,
இதற்கு வேண்டாம் என்று அமர்த்துங்கோ,
விளம்பரம்” என்றேன்.
டேர், டீ, டாஸ் மூன்றையும்
கண்டபடி விதைத்தேன்.
அவ ஒன்றையும் பொறுக்கித் திருத்தவில்லை.

மொழியை மாற்றும் இடத்துக்கு வந்ததும்
“கொஞ்சம் பொறுங்கோ,” என்றா.
“வடிவா இருக்கு. பின்னல் வேலை மாதிரி.”
பிறகு தானே டொய்ச்சை அமர்த்தினா.
தொலைக்காட்சி முகம் கழுவினதுபோல் ஆயிற்று.

இனி என் வீடு.
தேத்தண்ணி ஆறிக் கிடந்தது, இன்னொன்று ஊற்றினேன்.
திரையில் புள்ளி வைத்த ஆ-க்கள்,
இரட்டை இரட்டையாய் எழுத்துகள்,
எனக்கும் தெரியாது, அவவுக்கும் தெரியாது.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
கிட்டப்போய்ப் பார்த்தா.

இரண்டு கட்டம் மின்னுகின்றன.
ஒன்று ஆம். ஒன்று வேண்டாம்.

“நீங்கள் அமர்த்துங்கோ,” என்கிறேன்.
“இல்லை, உங்கட வீடு,” என்கிறா.