வண்டி எண் பதினேழு

முதலில் வண்டியைக் காலி செய்யச் சொன்னார்கள்.
ஸ்டெப்னி, ஜாக்கி, கால்மிதி,
மருந்துக்கடை பில் கட்டு,
ஏர்வாடியில் வாங்கிப் பிரிக்க மறந்த
மிட்டாய்ப் பொட்டலம்,
பின்சீட்டுக்கடியில் கிடந்த
சின்னவளின் ஒற்றைச் செருப்பு,
கண்ணாடியில் தொங்கிய தஸ்பீஹ்.
எல்லாம் ஒரு தார்ப்பாயில்.
பதினோரு வருடக் குடித்தனம்
வெயிலில் காய்ந்தது.
"ஓடும்போது ஆடுற எதுவும்
உள்ள இருக்கக் கூடாதுக்கா"
என்றான் பதிவேட்டுப் பையன்.
அப்படியென்றால் என்னையும்
இறக்கித்தான் வைக்க வேண்டும், தம்பி.

வலிநோக்கத்துக்கு இந்தப் பக்கம்
உப்புக் கம்பெனி கைவிட்ட கான்கிரீட் களம்.
வளைவுகளில் கூம்புக்குப் பதில் வலை மிதவைகள்,
கச்சானில் உருளாதிருக்க
வயிறு கிழித்து மண் அடைத்தவை.
மதுரையிலிருந்து பளபளவென்று மூன்று வண்டிகள்.
பரமக்குடி பல்டாக்டரின் சிவப்பு.
மீன்வாடை போகாத ஆம்னி ஒன்றை மட்டும்
உயரம் அதிகம், கவிழும் என்று தடுத்துவிட்டார்கள்.
அதன் சொந்தக்காரர் மூக்கையூர் சவேரியார்
கோபித்துக்கொண்டு போகவில்லை,
மஞ்சள் கொடியை வாங்கிக்கொண்டு
மூன்றாம் வளைவில் போய் நின்றார்.
என் சாம்பல் ஸ்விஃப்ட்டின் சக்கரத்தை உலுக்கி,
பிரேக் ஆயிலைத் திறந்து பார்த்து,
கதவில் செருப்புப் பாலிஷால்
எழுதினார்கள்: 17.

பக்கத்து சீட்டில் ரெக்சன்,
தங்கச்சிமடம்,
மற்ற நாட்களில் போட் இன்ஜின் மெக்கானிக்.
ஏறியதும் ஸ்பீடோமீட்டரின் மேல்
கறுப்பு டேப்பை ஒட்டினான்.
"நம்பரப் பாத்தா ஒண்ணு கால் பயப்படும்,
இல்ல திமிரெடுக்கும்."

இதுவரை நான் பிரேக்கை
சூடு பார்க்கத் தோசைக்கல்லைத் தொடுவதுபோல்
தொட்டுத்தான் பழக்கம்.
"மிதிங்க" என்றான்.
மிதித்தேன்.
"இது கும்பிடுறது. மிதிங்க."
இரண்டாம் சுற்றில்
பெடல் காலடியில் கடகடவென்று துடித்தது,
பெல்ட் என் தோளை இறுக்கிப் பிடித்தது,
வண்டி நின்றது.
இத்தனை வருடம் இவ்வளவு பலம்
என் வலது காலுக்குக் கீழே
சும்மா கிடந்திருக்கிறது.

"போக வேண்டிய எடத்தப் பாருங்க.
மோதக் கூடாதத பாக்காதீங்க.
கண்ணு எங்கயோ வண்டி அங்க."
நான்காம் சுற்று, மூன்றாம் வளைவு,
மிதவையைப் பார்த்தேன்.
ஆரஞ்சு நிறம், ஓரத்தில் கிழிசல்,
அவ்வளவு தெளிவாக.
பயந்து காலை எடுத்தேன்.
கான்கிரீட்டில் உப்புத்தூள்.

கடல்.
உப்பு மேடு.
சவேரியாரும் கொடியும்.
கடல்.
மறுபடி உப்பு மேடு, இம்முறை மெதுவாக.

இன்ஜின் அணைந்திருந்தது.
வெள்ளைத் தூசி இறங்க நேரம் எடுத்துக்கொண்டது.
ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு,
வேறு யாரோ மாடியேறி வந்ததுபோல்.
நான் காத்திருந்தேன்.
கீழக்கரை பஜாரில் ஒருமுறை
பம்பர் உரசியதற்குப் பதினாலு பேர் கூடி
எனக்கு லைசென்ஸ் தந்தவனைத் தேடினார்கள்.
இங்கே யாரும் ஓடிவரவில்லை.
மஞ்சள் கொடி ஆடியது,
பின்னால் வந்த சிவப்பு வண்டி ஒதுங்கிப் போனது.
ரெக்சன் குனிந்து என் காலைப் பார்த்தான்.
"கிளட்ச்ச மறந்துட்டீங்க.
சுத்த ஆரம்பிச்சா ரெண்டு காலும் உள்ள.
அடுத்த தடவ ஞாபகம் வைங்க."
அடுத்த தடவை.
அதைச் சொன்னவனுக்கு
அது ஒன்றுமே இல்லை.

திரும்பி வரும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில்
டேப்பை உரிக்காமலேயே ஓட்டினேன்.
உப்பு லாரிக்குப் பின்னால், வெகு தொலைவு விட்டு.
சிக்கல் விலக்கில் ஆடுகள் குறுக்கே வந்தன.
முன்பே பார்த்திருந்தேன்.
நின்றதை ஆடுகள்கூடக் கவனிக்கவில்லை.

"எவ்வளவு வேகம் போன?"
டயர் ஓரத்தைத் தடவியபடி ஜலாலுதீன் கேட்டார்.
தெரியாது என்றேன். நம்பவில்லை.
இரவு டேப்பை உரித்தபோது
எண்பதுக்கும் நூறுக்கும் நடுவே
பசை தங்கிவிட்டது.

ஒன்பது மணிக்கு சவேரியார் போன் செய்தார்,
தார்ப்பாய்க்கடியில் பொடிச் செருப்பு ஒன்று கிடக்கிறதாம்,
கொரியரில் போடவா என்று.
இருக்கட்டும் அண்ணே, என்றேன்,
அடுத்த மாசம் வந்து எடுத்துக்கிறேன்.