எட்டாயிரத்தில் தொடங்கியது

சேவல் கூவியது.
சோதனையை மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

மொகொட்லொங் மலைக் கிளினிக்கில்
ஒலி புகாத அறை என்பது
மருந்துப் பெட்டிகள் அடுக்கிய கிடங்கு,
தகரக் கூரை,
சுவரெல்லாம் நான் ஆணியடித்துத் தொங்கவிட்ட
கம்பளிப் போர்வைகள்.
நடுவில் சுவரைப் பார்த்தபடி ஒரு நாற்காலி.
அதில் மொட்லலேபுலா,
வெல்கம் தங்கச் சுரங்கத்தில்
பதினெட்டு வருடம் பாறை துளைத்தவர்.
சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும்,
அவ்வளவுதான் அவர் வேலை.
பொத்தானை அழுத்துவது என் வேலை.

பழைய மாத்திரைகளுக்கு மசியாத காசநோய்.
தினம் ஓர் ஊசி, கானமைசின்.
ஞாயிறு மட்டும் இடுப்புக்கு ஓய்வு.

நான்காம் வாரம்
எட்டாயிரம் ஹெர்ட்ஸில் கை எழவில்லை.
ஏழாம் வாரம் ஆறாயிரத்தில்.
நாலாயிரத்தைத் துளைக்கும் எந்திரம்
எப்போதோ தின்று முடித்திருந்தது.
"பாதியைக் கம்பெனிக்குக் கொடுத்தேன், அவுசி.
மீதி உனக்கு" என்று சிரித்தார்.
சிரித்தால் இருமுவார்.
அன்று இருமவில்லை.
அதையும் எழுதிக்கொண்டேன்.

காதின் ஆழத்தில், நத்தைக் கூட்டின் சுருளுக்குள்,
வெளியே மூன்று வரிசை உள்ளே ஒரு வரிசை என
நிற்கின்றன அந்த அணுக்கள்,
தலையில் குச்சி குச்சியாய் மயிரோடு.
ஒலி வந்து சாய்த்தால்
மயிர் நுனியில் ஒரு கதவு திறக்கும்.
அதே கதவு வழியாகத்தான்
மருந்தும் உள்ளே போகிறது.
போனது சீக்கிரம் திரும்புவதில்லை.
கிருமியைக் கொல்ல வந்தது,
அணுவின் அடுப்பில்
கிருமியின் பழைய சாயலைக் கண்டு
அங்கேயும் கை வைக்கிறது.
கீச்சுக் குரல்களைக் கேட்கும் வாசல்பக்க அணுக்கள்
முதலில் சாய்கின்றன.

நான் அனுப்பும் ஒவ்வொரு ஒலியும்
கதவைத் திறந்துவிடுகிறதோ என்று
ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.
டாக்டர் செக்கொன்யானா சொன்னார்:
"அப்படிப் பார்த்தால்
முதலில் அந்தச் சேவலின் கழுத்தைத் திருக வேண்டும்."

சேவலுக்கு ஒன்றும் ஆகாது.
பறவைகளின் காதில்
செத்த அணுவின் இடத்தில் புதிது முளைக்கும்.
நமக்கு முளைக்காது.
இதை யாரிடமும் நான் சொல்லவில்லை,
குப்பை கிளறிக்கொண்டிருந்த அதை
ஒருமுறை கல்லால் அடித்ததைத் தவிர.

பத்தாம் வாரம் அவர் மனைவி டிம்போ
"மெட்ஸி" என்று குவளையை நீட்டினாள். தண்ணீர்.
சொல்லின் பின்பாதி வழியிலேயே உதிர்ந்து
"மே" மட்டும் போய்ச் சேர்ந்தது.
"ஆடு எங்கே?" என்று திரும்பிப் பார்த்தார்.
அவள் சிரிக்கவில்லை.
ஊசியை வாரம் மூன்றாகக் குறைத்தார் டாக்டர்.
நிறுத்தலாமா என்று
ஒரு தாளில் பெரிதாய் எழுதிக் கேட்டேன்.
மொட்லலேபுலா தாளைத் திருப்பினார்.
பின்பக்கம் அவருடைய சளிப் பரிசோதனை முடிவு,
இரண்டாவது மாதமாகக் கிருமி இல்லை.
அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு
சும்மா உட்கார்ந்திருந்தார்.

அக்டோபரில் கடைசிச் சோதனைகளில் ஒன்று.
ஆயிரத்தில் இருந்தேன், பொத்தான்மேல் விரல்.
தகரக் கூரையில் திடீரென்று
சரளைக்கல் கொட்டியதுபோல் மழை.
இனி எதை அளந்தாலும் கணக்கில் சேராது.
விரலை எடுத்துவிட்டேன்.
சுவரைப் பார்த்தபடியே இருந்தார்,
அசையாமல்,
"மழையோடு வந்தவன்" என்று
பிறந்த அன்றே பெயர் வாங்கியவர்.

கதவிடுக்கில் மண்வாசனை வந்தது.
மண்ணுக்குள் வாழும் ஒரு நுண்ணுயிர்க் குலம்
அந்த வாசனையை உண்டாக்குகிறது.
கானமைசினும் அந்தக் குலத்தின் சரக்குதான்.

மூக்கு விடைத்தது.
மெதுவாகக்
கையைத் தூக்கினார்.

படிவத்தில் எந்தக் கட்டத்தில் குறிப்பது?
சேவல் ஜீப்புக்கு அடியில் ஓடி ஒதுங்கியது.