மேற்படி சம்பவத்தில்

ஹட்டன் கோட்டுக்கு முன்னால் உள்ள கடையில்
ஊராருக்கெல்லாம் முறைப்பாடு டைப் அடிக்கிறவள் நான்.
'மேற்படி சம்பவத்தில் எனக்கு' என்று
எத்தனை பேருக்கு அடித்திருப்பேன்.

மல்லியப்பு வளைவில் பனி.
லைட் போடாத வேன்
ஆட்டோவின் பின்பக்கம் தட்டியது.
பெரிசாய் ஒன்றுமில்லை.
இடது மணிக்கட்டில் மயிரிழை வெடிப்பு,
மூன்று கிழமைக் கட்டு,
நசுங்கிய சோற்றுப்பெட்டி.

வேன்காரன் இசுரு ஓடிப்போகவில்லை.
கிளங்கன் ஆஸ்பத்திரி வாங்கில்
எக்ஸ்ரே முடியும்வரை
என் ஒற்றைச் செருப்பை மடியில் வைத்திருந்தான்.
மறுநாள் ஐயாயிரம் ரூபாயும்
ஒரு பால்மா பக்கெட்டும் கொண்டுவந்தான்.
கூடவே ஒரு தாள்:
'இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை.'
ஓரத்தில் கறுப்புக் கோடு.
எங்கள் கடை பிரிண்டர் போடுகிற கோடு அது.

"ரெண்டு வருஷம் இருக்கு.
முதல்ல பொலிஸ்ல ஒரு என்ட்ரி போடு"
என்றார் சட்டத்தரணி தேவகுஞ்சரி.
"தவணை தவணையா அலைஞ்சா
பஸ் காசுக்கே காணாது"
என்றான் அண்ணன்.
இரண்டும் சரியாகத்தான் பட்டது.

சுண்டுவிரல் மட்டும்
இன்னும் மரத்துக் கிடக்கிறது.
அதைப் பற்றி அந்தத் தாளில் ஒன்றுமில்லை.
செருப்பைப் பற்றியும்
எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை.

கடை பூட்டுகிற நேரம்
ஒரு கையால் தட்டினேன்:
மேற்படி சம்பவத்தில்
எனக்கு

அதற்குமேல் வரவில்லை.
மூடப் போனால்
கோப்புக்குப் பெயர் கேட்கிறது கணினி.
அமிர்தலோஜினி.
நீளமான பெயர்,
ஒவ்வோர் எழுத்தாய்த் தேடி அடித்தேன்.
ஒப்பமில்லாத தாள்
பால்மா பக்கெட்டுக்கு அடியில் இருக்கிறது.
பக்கெட்டை இன்னும் வெட்டவில்லை.