ஒன்றுமில்லை என்று அறிவதற்கு

ஏழாலையிலிருந்து தவமலர் அக்கா எடுத்தா,
விடியப்புறம் நாலே முக்காலுக்கு.
"தம்பி, உங்கட பெட்டி இண்டைக்கும் செத்துக் கிடக்கு.
உப்போ நல்லதண்ணியோ எண்டு தெரியாமல்
வெங்காயத்துக்கு என்னெண்டு இறைக்கிறது?"

கிணற்றுக்கட்டில் பூட்டிய பெட்டி.
பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் தண்ணீரை நக்கிப் பார்த்து
உப்புக் கூடினால் மோட்டரை நிறுத்தவேணும்.
வேறு வேலையில்லை அதற்கு.
பகல் முழுக்க ஆடி வெயிலைக் குடித்த பற்றறி
ஓர் இரவைத் தாண்டாமல் சாவது ஏனென்று
கொக்குவிலில், மேல்மாடி அறையில்,
கழற்றிப் பரப்பிவைத்துக்கொண்டு இருக்கிறேன்.

ரைமர் தட்டி உள்ளே நுழையும்போது
சிப்பின் ஒரு காலை உயர்த்தச் சொன்னேன்.
வெளியே வரும்போது இறக்கச் சொன்னேன்.
ஒஸ்சிலோஸ்கோப் திரையில்
வேலி.
மிலிசெக்கனுக்கு ஒரு கதியால்.

ஒவ்வொரு கதியாலும் ஒரு விழிப்பு.
எழும்புகிறது. கையில் இருந்ததைக் கீழே வைக்கிறது,
எட்டு ரெஜிஸ்டரையும் அடுக்கில் ஏற்றுகிறது,
எண்ணில் ஒன்று கூட்டுகிறது,
பட்டியலைப் பார்க்கிறது: ஆருக்கும் நேரம் வந்ததோ?
ஒருவருக்கும் வரவில்லை.
அடுக்கை இறக்கி, வைத்ததை எடுத்து,
எங்கே விட்டேன் என்று தேடி
மறுபடி படுக்கிறது.
ஐம்பது மைக்ரோசெக்கன்.

"ஐஞ்சு வீதம்தானே மச்சான்" என்றான் ஜெனோசன்,
குருநகரிலிருந்து கட்டிவந்த பொரித்த மீனைப் பிய்த்தபடி.
சரிதான். ஐந்து வீதம்தான்.
நான் கடதாசியில் பெருக்கினேன்.
நாளுக்கு எட்டுக் கோடியே அறுபத்துநாலு இலட்சம் தரம்
எழும்பியிருக்கிறது.
எழும்பவேண்டியிருந்தது நூற்றி நாற்பத்துநாலு தரம்.
ஒரு மணியும் பன்னிரண்டு நிமிடமும், ஒவ்வொரு நாளும்,
ஒன்றுமில்லை என்று அறிவதற்கே.

மீனை வைத்துவிட்டு அவனும் கடதாசியைப் பார்த்தான்.

ஆயிரம் என்று விட்டது நான்தான்.
மாதிரி நிரலில் அப்படி இருந்தது.
ஏன் ஆயிரம் என்று கேட்கத் தோன்றவில்லை.

பின்னேரம் மாற்றினேன்.
இனி அது மிகக் கிட்டிய நேரத்தை ஒருக்கால் பார்த்து
ஒரேயொரு எலார்ம் வைத்துவிட்டு
முழுதாய் உறங்கும்.
கதியால்கள் போயின. திரை வெறுங்காணி.
உறங்கும்போது ஓடுகிற சின்ன மணிக்கூடு
நாளுக்கு மூன்று செக்கன் பிந்துகிறது.
பிந்தட்டும்.
கிணற்றுக்கு அவசரமில்லை.

சனிக்கிழமை கொண்டுபோய்ப் பூட்டினேன்.
அதுவரைக்கும் அக்கா நாளுக்கு ஆறு தரம் எடுப்பா:
பாத்தியளோ? என்னவாம்? எப்ப வருவியள்?
எழுதிக்கொண்டிருந்த வரியை விட்டு எழுந்து,
பதில் சொல்லித் திரும்பி வந்தால்
அந்த வரி வேறு ஆரோ எழுதினதுபோல் இருக்கும்.

ஞாயிறு எடுக்கவில்லை. திங்களும் இல்லை.
செவ்வாய் பத்து மணிக்குள்
போனைப் பதினேழு தரம் புரட்டிப் பார்த்துவிட்டேனாம்.
ஜெனோசன் எண்ணியிருக்கிறான், கள்ளன்.
சத்தம் குறைந்துகிடக்கோ,
பெட்டி செத்து, அக்கா அலுத்துப்போய் விட்டிட்டாவோ.

"எடுத்துக் கேளன்."

எடுத்தேன். அந்தப் பக்கம் சோளகம் இரைந்தது.
"புல்லுப் பிடுங்கிக்கொண்டு நிக்கிறன் தம்பி,
கை முழுக்கச் செம்மண்.
ஏதும் அவசரமோ?"

இல்லை அக்கா, என்றேன்.