எல்லாவற்றையும் கொண்டுவரவா?

டுலூத்தில் இந்த அக்டோபரிலேயே பனி.
பத்துக்கு இனிப் பாதுகாப்பு இல்லை, பதினொன்றுக்கு வா என்று
மூன்று மாதமாய் ஒரு நீலப் பெட்டி
கடன்காரன்போல் திரையில் வந்து நிற்கிறது.
"பிறகு நினைவூட்டு" இருக்கும் இடம்
என் விரலுக்கு மனப்பாடம்.

ஓடுகிற எந்திரத்தைத் தொடாதே என்கிறான் ஆரின்.
முப்பது வருடம் தாதுக் கப்பலில் எஞ்சின் பார்த்தவன்,
சரியாகத்தான் இருக்கும்.
ஆனால் போன செவ்வாய்
என் பழைய உலாவியை வங்கி உள்ளே விடவில்லை.
பென்ஷன் வந்ததா என்று பார்க்கப்
பாலம் தாண்டிப் போய் வரிசையில் நின்றது
ஆரின் இல்லை, நான்.

முதல் முறை: இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை.
ஆறே வயது அதற்கு.
எதிர்வீட்டு டாக்னி ஃபோனில் சொன்னாள்:
சில்லு உள்ளேதான் இருக்கும் மார்லிஸ், தூங்கும், எழுப்பணும்.
எஃப்2வைத் தட்டிக்கொண்டே இருந்து
மவுஸ் செல்லாத கறுப்பு அறைக்குள் போய்
"முடக்கம்" என்றிருந்ததை "இயக்கம்" ஆக்கினேன்.
கை நடுங்கியது, சொல்ல வெட்கமில்லை.

இரண்டாம் முறை: இடம் போதவில்லை.
ஆரினின் மீன் படங்கள், நாலாயிரம்.
எனக்கு எல்லாம் ஒரே மீன்தான்.
அவன் குளிக்கப் போன நேரத்தில்
பென் டிரைவுக்கு மாற்றினேன்.

மூன்றாம் முறை
எழுபத்து மூன்று விழுக்காடு.
பாத்திரம் தேய்த்தேன். எழுபத்து மூன்று.
வாசல் பனியை வாரிக் கொட்டினேன்.
எழுபத்து மூன்று.
வெளியே ஒரு கப்பல் ஊத
பாலம் பதிலுக்கு ஊதித் தன்னைத் தூக்கிக்கொண்டது.
அதற்கு விழுக்காடு கிடையாது.
கப்பல் வந்தால் எழும், போனால் இறங்கும்.

கணினியை அணைக்காதீர்கள் என்றது திரை.
அணைத்தால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை.

இரவு பதினொன்றேகாலுக்கு விழித்துக்கொண்டது.
தொடக்கப் பொத்தான் இடது மூலையைவிட்டு
நடுவுக்கு நகர்ந்திருந்தது.
புது உலாவி மரியாதையாகக் கேட்டது:
பழையதிலிருந்து எல்லாவற்றையும் கொண்டுவரவா?
கொண்டுவா என்றேன், யோசிக்காமல்.

வந்தன.
கப்பல் வரும் நேரம், ஏரியின் அலை உயரம்,
கம்பு ரொட்டிக்குப் புளித்த மாவு,
மூட்டுவலி, மூட்டுவலி,
எப்போதோ விற்றுவிட்ட அடுப்பின் கையேடு.
எல்லாவற்றுக்கும் அடியில்
"புதிய கோப்புறை 3".

ஏழு முகவரிகள். ஒற்றை அறை, வாடகைக்கு.
டூசானில், பாலைவனத்தில்.
சேர்த்த தேதி, ஒன்பது வருடத்துக்கு முந்தைய மார்ச்.
இந்தக் கணினி அப்போது இல்லை.
முந்தைய பெட்டியிலிருந்து யாரோ
இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்லித்
தூக்கி வந்திருக்கிறார்கள்.
நான்தான்.

அந்த மார்ச் நினைவிருக்கிறது.
உறைந்த ஏரியில் கூடாரம் போடுகிறேன் என்று
ஒன்பது நாள் போயிருந்தான்.
நாலாயிரம் படத்தில்
அந்த மாதத்து மீன் ஒன்றுகூட இல்லை.
நான் கேட்டதும் இல்லை.

ஒவ்வொன்றாய்ச் சொடுக்கினேன்.
இந்தப் பக்கம் கிடைக்கவில்லை.
இந்தப் பக்கம் கிடைக்கவில்லை.
ஐந்தாவது திறந்தது. இப்போது அது
நாய்களுக்கு முடிவெட்டும் கடை.
சிரித்துவிட்டேன், அந்த நேரத்தில், தனியாக.

நீக்கவா என்றது. வேண்டாம்.
பெயர் மாற்றவா என்றது.
கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.
பொருத்தமாக எதுவும் வரவில்லை எனக்கு.

காலையில் காபியோடு வந்து உட்கார்ந்தவன்
இடது மூலையில் சுட்டியை முட்டி முட்டி
"தொடக்கம் எங்கே போச்சு?" என்றான்.
நடுவில் இருக்கிறது, பார்.
"நடுவிலா? யார் கேட்டது?"
கொஞ்சம் முணுமுணுப்பு. பிறகு,
"பழையதெல்லாம் வந்துவிட்டதா?"
எல்லாம்.
குவளையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.
என்னைப் பார்த்தான்.
நான் பிரின்டரைப் பார்த்தேன்.

அது மட்டும் வரவில்லை என்றேன்.
முழங்கால் நொடிக்க மேசைக்கு அடியில் புகுந்து
கம்பியைப் பிடுங்கி மறுபடி செருகுகிறான்.
"இப்போது தெரிகிறதா?"
இல்லை.
"இப்போது?"